சிலிப் ரிங் மோட்டாரின் பிரஷ் போர்டு திரும்பத் திரும்பக் கரிகிறது: எந்த ஷீட் போடலாம்?

கிரேன்_மெயின்டனன்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கிரேனில் லாங் டிராவல் மோட்டார் (கிரேனை நீளவாக்கில் ஓட்டுவது) சிலிப் ரிங் வகை, ரோட்டர் மின்சாரம் மூன்று வளையங்கள், கார்பன் பிரஷ்கள் வழியே வெளியே வரும். மூன்று பிரஷ் ஹோல்டர்களையும் தாங்குகிற போர்டு பழைய பழுப்பு நிற ஹைலம் ஷீட், அதாவது பீனாலிக் ரெசினில் துணி அடுக்கி அழுத்தியது. வெட்டிய ஓரத்தில் துணி அடுக்கு தெரிகிறது. இரண்டு ஸ்டட்டுகளுக்கு நடுவே கறுப்புக் கோடு கிளை பிரிந்து ஓடியிருக்கிறது. அந்தக் கோட்டின் இரு முனையிலும் மெக்கர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) வைத்தால் முள் எழும்பவே இல்லை.

முன்பு வேலை பார்த்தவர்கள் கோட்டைச் சுரண்டிவிட்டு, மேலே சிவப்பு வார்னிஷ் அடித்து ஓட்டியிருக்கிறார்கள். வார்னிஷுக்கு அடியிலேயே கோடு மறுபடி வளர்ந்திருக்கிறது.

ஷீட் விற்பவர் கண்ணாடி இழை எப்பாக்ஸி போடச் சொல்கிறார். ஹைலமைவிடப் பல மடங்கு வோல்டேஜ் தாங்கும் என்கிறார். டேட்டா ஷீட்டிலும் கிலோவோல்ட் கணக்கு பெரிதாகத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் தீர்ந்துவிடுமா? ரோட்டரில் வருவது சில நூறு வோல்ட்தானே, அதற்கே ஹைலம் ஏன் இப்படிக் கரிகிறது என்பதும் புரியவில்லை.

பழைய_மெக்கர்

உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷீட் விற்பவர் காட்டுகிற கிலோவோல்ட் கணக்கு, மின்சாரம் ஷீட்டின் தடிமனைத் துளைத்துக்கொண்டு போவதற்கானது. உங்கள் போர்டில் எதுவும் துளைத்துக்கொண்டு போகவில்லை. மேற்பரப்பில் ஊர்ந்து போயிருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சாதாரண ஹைலமே 1 மி.மீ. தடிமனுக்குச் சில கிலோவோல்ட் தாங்கும். உங்கள் சில நூறு வோல்ட்டுக்கு அது தாராளமாகப் போதும்.

நடப்பது இதுதான். பிரஷ் தேய்ந்து கரித்தூள் போர்டில் படிகிறது. காற்றில் ஈரம் ஏறும்போது தூளும் ஈரமும் சேர்ந்து ஒரு மெல்லிய படலமாகி, அதன் வழியே சில மில்லிஆம்பியர் கசியும். கசிவு சூட்டைக் கிளப்பும், படலம் ஏதோ ஓரிடத்தில் முதலில் காயும். காய்ந்த அந்தச் சின்னப் பட்டையின் குறுக்கே மொத்த வோல்டேஜும் வந்து நிற்கும். இடைவெளி ஒரு மி.மீ. கூட இருக்காது, அதனால் பொறி தாவும். கண்ணுக்கே தெரியாத பொறி, ஆனால் அதன் அடியில் இருக்கும் ரெசின் வெந்துபோகும்.

ரெசின் வெந்தபின் அங்கே என்ன மிஞ்சுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பீனாலிக் ரெசின் முழுக்க பென்சீன் வளையங்கள். சூடானால் ஆவியாகிப் போகாமல் கரியாக நின்றுவிடும். கண்ணாடிக் கார்பன் செய்வதற்கென்றே பீனாலிக் ரெசினைச் சுடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த பொறி அந்தக் கரியின் நுனியிலிருந்து கிளம்பும், தடம் இன்னும் கொஞ்சம் நீளும். இரண்டு ஸ்டட்டும் சேரும் வரை இது நிற்காது.

வார்னிஷ் ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சுரண்டினால் மேல் கரி போகும், துணி அடுக்குக்குள் இறங்கிய கரி போகாது. கரித்தடம் விழுந்த ஹைலம் போர்டை மாற்றத்தான் வேண்டும், வேறு வழி இல்லை.

காயில்_வைண்டர்

பழைய மெக்கர் சார் சொன்ன விளக்கம் சரி. ஆனால் எப்பாக்ஸி ஷீட்டை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிட வேண்டாம் என்பேன். நாங்கள் ஜி-10 என்ற கண்ணாடித் துணி எப்பாக்ஸி ஷீட்டைத்தான் எல்லா இடத்திலும் போடுகிறோம். பலம் அதிகம், ஈரம் குடிக்காது, ஸ்டட்டை இறுக்கினால் நசுங்காது. பிரஷ் போர்டுக்கு விறைப்பு முக்கியம். போர்டு அதிர்ந்தால் பிரஷ் துள்ளும், பிரஷ் துள்ளினால் பொறி, பொறி வந்தால் மேலும் தூள். இதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

சோதனைக்கூடம்

இரண்டு பேர் சொல்வதும் சேரும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு டேட்டா ஷீட்டில் எந்த வரியைப் படிக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். மேற்பரப்பைப் பற்றிப் பேசும் வரிகள் பொதுவாக இரண்டு. பலர் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது ஆர்க் ரெசிஸ்டன்ஸ், வினாடியில் தருவார்கள். ஏஎஸ்டிஎம் டி495 சோதனை. காய்ந்த, சுத்தமான துண்டின் மேல் டங்ஸ்டன் முனைகள் இரண்டை 6.35 மி.மீ. இடைவெளியில் வைத்து, 12,500 வோல்ட்டில் மிகச் சிறிய மின்னோட்ட ஆர்க்கை ஓட விடுவார்கள். முதல் ஒரு நிமிடம் 10 மில்லிஆம்பியர், அதுவும் கால் வினாடி எரியும், ஒன்றே முக்கால் வினாடி அணையும். ஒவ்வொரு நிமிடமும் கடுமை ஏறும். மூன்று நிமிடம் தாண்டினால் ஆர்க் இடைவிடாமல் எரியும், அதன்பின் 20, 30, 40 மில்லிஆம்பியர் என்று போய் 420 வினாடியில் முடியும். துண்டு தோற்கும் கணம் பார்த்தால் மறக்காது: மேலே ஆடிக்கொண்டிருந்த சுடர் சட்டென்று ஷீட்டுக்குள் இறங்கி மறைந்துவிடும், சத்தமும் மாறும். கரித்தடம் சேர்ந்துவிட்டது, இனி மின்சாரம் காற்றில் போக வேண்டியதில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது சிடிஐ, மேற்பரப்பில் கரித்தடம் விழுவதை (டிராக்கிங்) எவ்வளவு தாங்கும் என்று ஒப்பிடும் குறியீடு, வோல்ட்டில் தருவார்கள். ஐஇசி 60112. இது ஈரச் சோதனை. பிளாட்டினம் முனைகள் 4 மி.மீ. இடைவெளியில் இருக்கும். நடுவே 0.1 சதவீத அம்மோனியம் குளோரைடு கரைசல் 30 வினாடிக்கு ஒரு சொட்டு விழும், மொத்தம் 50 சொட்டு. தடம் விழாமல் தாங்கும் வோல்டேஜைத் தேடுவார்கள். 600 வோல்ட்தான் உச்சம்.

கிரேன் நண்பரின் போர்டில் நடப்பது இரண்டாவது சோதனைக்கு அருகில் இருக்கிறது. தூள், ஈரம், காய்ந்த பட்டை, சின்னப் பொறி. அதனால் அவர் முதலில் கேட்க வேண்டியது சிடிஐ. ஜி-10, அதன் தீ தடுப்பு வகையான எஃப்ஆர்-4 ஷீட்டுகள் ஆர்க் வினாடியில் ஹைலமைவிட எவ்வளவோ மேல். ஆனால் சிடிஐ என்று வந்தால் சாதாரண எஃப்ஆர்-4 175 வோல்ட்டை ஒட்டிய கீழ் வரிசையில்தான் நிற்கும். அதன் எப்பாக்ஸியிலும் பென்சீன் வளையங்கள் இருக்கின்றன. தீ பரவாமல் இருக்கச் சேர்க்கும் புரோமின் இந்த விஷயத்தில் இன்னும் கெடுதல்.

கிரேன்_மெயின்டனன்ஸ்

நன்றி சார். விற்பவர் கொடுத்த இரண்டு டேட்டா ஷீட்டையும் இப்போது எடுத்துப் பார்த்தேன். எப்பாக்ஸியில் ஆர்க் 128 வினாடி என்று இருக்கிறது, சிடிஐ வரியே இல்லை. இன்னொன்று சிவப்பு நிற ஷீட், ஜிபிஓ-3 என்று போட்டிருக்கிறது. ஆர்க் 184 வினாடி, சிடிஐ 600. அப்படியானால் சிவப்பு ஷீட் ஆர்க்கில் ஒன்றரை மடங்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

சோதனைக்கூடம்

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். கடுமை படிப்படியாக ஏறுகிற சோதனை இது. ஒரு படி முடிந்து அடுத்த படி தொடங்கிய சில வினாடிகளில்தான் பெரும்பாலான துண்டுகள் தோற்கும். 128 என்றால் மூன்றாம் படியில் கால் வைத்ததும் விழுந்தது. 184 என்றால் விட்டுவிட்டு எரியும் மூன்று படிகளையும் தாண்டி, தொடர் ஆர்க் தொடங்கியதும் விழுந்தது. ஒரு படி வித்தியாசம், அவ்வளவுதான். 184க்கும் 190க்கும் இடையே வித்தியாசம் தேடுவது வீண் வேலை. படியைப் பாருங்கள், வினாடியைப் பார்க்காதீர்கள்.

சிடிஐ வரியே இல்லாத டேட்டா ஷீட் என்றால் எழுதிக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் கீழ் வரிசை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

பேனல்_போர்டு

ஜிபிஓ-3 பற்றி நான் சொல்கிறேன், சுவிட்ச்கியரில் பஸ்பார் சப்போர்ட்டுக்கும் பேஸ் பேரியருக்கும் தினமும் வெட்டுகிற ஷீட் அது. நெய்த துணி கிடையாது, கண்ணாடி இழைப் பாயில் பாலியஸ்டர் ரெசின் ஊற்றி அழுத்தியது. அதன் உயிர் ரெசினில் இல்லை, ரெசினோடு நிறையக் கலக்கிற அலுமினியம் ஹைட்ராக்சைடு தூளில் இருக்கிறது. ஏறத்தாழ 200 டிகிரி தாண்டினால் அந்தத் தூள் தன் எடையில் 35 சதவீதம் அளவுக்குத் தண்ணீரை ஆவியாக விடும். விடும்போது சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீராவி பொறியை மேற்பரப்பிலிருந்து தள்ளும், மிஞ்சுகிற கரியையும் ஓரளவு எரித்துப் போக்கிவிடும். கடைசியில் அங்கே நிற்பது வெள்ளை அலுமினா, அது மின்சாரத்தைக் கடத்தாது. பொறி பட்ட இடத்தைக் கையால் தடவிப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து ஒட்டும். ஹைலமில் அதே இடம் கறுத்துப் பளபளக்கும். பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். வளைவு பலத்தில் ஜி-10இல் பாதிகூட வராது. காயில் வைண்டர் சொன்ன விறைப்பு இதில் குறைவு. அதே தடிமனில் மாற்றினால் போர்டு அதிரும். தடிமனைக் கூட்டுங்கள், அல்லது பின்னால் ஒரு இரும்புச் சட்டம் கொடுங்கள்.

இன்னொன்று, சிவப்பாக இருப்பதெல்லாம் ஜிபிஓ-3 அல்ல. அதே நிறத்தில் வெறும் ஜிபிஓ-1 தாராளமாக வரும், அதில் தீ தடுப்பும் கிடையாது, டிராக்கிங் தடுப்பும் கிடையாது. ஜிபிஓ-3 வெள்ளையிலும் வரும். நிறத்தை நம்பாதீர்கள், சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். ஐஇசி 60893 பெயரில் கேட்பதானால் யூபி ஜிஎம் 203.

கப்பல்_எலக்ட்ரீஷியன்

மெலமைன் கண்ணாடித் துணி ஷீட்டை யாரும் பேசவில்லையே. ஜி-9 என்ற வகை. உப்புக் காற்றில் நிற்கிற மின்பலகைகளுக்கு அதைத்தான் தேடுவோம். மெலமைன் மூலக்கூறில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சூடானால் பெரும்பகுதி வாயுவாகப் போய்விடும், கரிக்க அங்கே கார்பன் அதிகம் இல்லை. ஆர்க் வினாடியிலும் 180ஐத் தாண்டும், நெய்த துணி என்பதால் ஜிபிஓ-3ஐவிட விறைப்பு. இரண்டு பேரின் கவலையும் ஒரே ஷீட்டில் தீரும்.

காயில்_வைண்டர்

ஜி-9 எங்களுக்கும் பழக்கம்தான். ஆனால் ஈரம் குடிப்பதில் எப்பாக்ஸியைவிட மோசம், சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் அளவு மாறும், ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். ஸ்டட் துளை ஓரங்களில் அந்த விரிசலைப் பார்த்திருக்கிறேன். வெட்டும்போது வாளும் டிரில்லும் சீக்கிரம் மழுங்கிவிடும். போடலாம், தப்பில்லை. ஆனால் துளைகளை மொட்டையாக விட்டுவிடக் கூடாது.

பழைய_மெக்கர்

ஷீட் பெயர்களில் நாம் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டோம் என்று நினைக்கிறேன். ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். ஐஇசி 60664-1 க்ரீப்பேஜ் (இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே மேற்பரப்பு வழியாக அளக்கும் தூரம்) அட்டவணையில் சிடிஐ 600 இருந்தால் முதல் குழு, 400 முதல் 600க்குக் கீழ் வரை இரண்டாம் குழு, 400க்குக் கீழே மூன்றாம் குழு. 500 வோல்ட்டுக்கு, மாசு அளவு 3 என்ற நிலையில், முதல் குழுவுக்கு 6.3 மி.மீ. வேண்டும், மூன்றாம் குழுவுக்கு 8 மி.மீ. அதாவது உலகத்தில் மிக நல்ல ஷீட்டைப் போட்டாலும் மிச்சமாகும் தூரம் 1.7 மி.மீ.தான். அந்த மாசு அளவு 3 என்பதுகூட, பெரும்பாலும் தூசி ஈரப்பட்டால் கடத்தும் இடத்துக்கு. பிரஷ் கரித்தூள் காய்ந்திருந்தாலே கடத்தும். அதற்கு அடுத்த நிலையான மாசு அளவு 4க்கு அட்டவணை தூரமே தருவதில்லை. ஏனென்றால் விடாமல் கடத்துகிற தூள் படிந்து கிடக்கும் இடத்தில் எத்தனை மி.மீ. கொடுத்தாலும் போதாது.

அதனால் நல்ல ஷீட் என்பது தூளைத் துடைக்க உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். துடைக்காமலே இருப்பதற்கு அனுமதி அல்ல.

கிரேன் நண்பரே, மூன்று விஷயம் சொல்லுங்கள். நேம் பிளேட்டில் ரோட்டர் வோல்டேஜ் எவ்வளவு? போர்டு படுத்திருக்கிறதா, நின்றிருக்கிறதா? ஆபரேட்டர் வண்டியை நிறுத்த ரிவர்ஸ் போடுகிறாரா?

கிரேன்_மெயின்டனன்ஸ்

ரோட்டர் வோல்டேஜ் 280 என்று இருக்கிறது. போர்டு படுக்கையாகத்தான் இருக்கிறது, ரிங்குகளுக்குக் கீழே. ஆமாம் சார், வண்டி ஓடும்போதே எதிர்ப்பக்கம் போட்டுத்தான் நிறுத்துகிறார்கள். பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது என்று சொல்கிறார்கள். அதற்கும் போர்டுக்கும் என்ன தொடர்பு?

பழைய_மெக்கர்

நெருங்கிய தொடர்பு. நேம் பிளேட்டில் உள்ள 280 என்பது ரோட்டர் அசையாமல் நிற்கும்போது திறந்த ரிங்குகளில் வருவது, அதாவது சிலிப் (சுழலும் காந்தப் புலத்துக்கு ரோட்டர் எவ்வளவு பின்தங்குகிறது என்ற விகிதம்) 1. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ரிவர்ஸ் போட்ட கணத்தில் சிலிப் 2ஐ ஒட்டி இருக்கும். ரோட்டரில் தூண்டப்படும் வோல்டேஜ் சிலிப்போடு சேர்ந்து ஏறும். 280 அங்கே 560க்குப் பக்கத்தில் போய்விடும். ரோட்டரோடு வெளியே இணைக்கும் ரெசிஸ்டன்ஸ் பேங்க் நன்றாக இணைந்திருந்தால் ரிங்கில் அதில் ஒரு பகுதிதான் தெரியும். அதன் தடைத் தகடான கிரிட் ஒன்று உடைந்தோ, காண்டாக்டர் முனை சரியாகச் சேராமலோ இருந்தால் ஏறத்தாழ முழுதும் தெரியும். ஒவ்வொரு தடவை வண்டியை நிறுத்தும்போதும் போர்டு இந்த அடியை வாங்குகிறது. கூடவே பிரஷ்ஷில் மின்னோட்டமும் ஏறி, பொறியும் தூளும் கூடும்.

ஷீட் ஆர்டர் போடும் முன் பிரேக்கைச் சரிசெய்யுங்கள். கிரிட் ரெசிஸ்டன்ஸ் மூன்று பேஸிலும் சமமாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

பேனல்_போர்டு

ரிவர்ஸ் விஷயம் நான் யோசிக்காதது, நல்ல கேள்வி சார். போர்டு படுக்கையாக இருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. தூள் நேராக வந்து உட்கார்வதற்கே செய்தது போல இருக்கிறது. முடிந்தால் நிமிர்த்திப் பொருத்துங்கள். முடியாதென்றால் ஸ்டட்டுகளுக்கு நடுவே ஜிபிஓ-3 பட்டையை நிமிர்த்தி ஒரு தடுப்பு கொடுங்கள், அடியில் இடைவெளி விடாமல் ஒட்ட வேண்டும். சிலர் ஸ்டட்டுகளுக்கு நடுவே வாளால் பள்ளம் போட்டு க்ரீப்பேஜ் கூட்டிவிட்டதாக நினைப்பார்கள். மாசு அளவு 3இல் 1.5 மி.மீ. அகலத்துக்குக் குறைந்த பள்ளம் கணக்கிலேயே வராது. அகலமாகவே போட்டாலும் படுக்கைப் போர்டில் அது தூள் தொட்டியாகிவிடும். எழுந்து நிற்கும் தடுப்புதான் நல்லது.

வெட்டும் வேலை பற்றி: கார்பைடு டிரில், அடியில் மரத்துண்டு, மெதுவான அழுத்தம். துளை ஓரம் பழுப்பேறிக் கருகல் மணம் வந்தால் டிரில் மழுங்கிவிட்டது, அந்தத் துளையிலிருந்தே தடம் தொடங்கும். வெட்டிய ஓரங்களிலும் துளைக்குள்ளும் கண்ணாடி இழைகளின் நுனி திறந்து கிடக்கும், ஈரம் இழையோடு உள்ளே போகும். மணல்தாள் போட்டு, துடைத்து, அடுப்பில் காய வைத்து, பிறகு ஆன்டி டிராக்கிங் வார்னிஷ் அடியுங்கள். புதுப் போர்டில் வார்னிஷ் மிகவும் உதவும், வழவழப்பான முகத்தில் தூளைத் துடைப்பது சுலபம். இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போடாமல் வெட்ட வேண்டாம்.

கப்பல்_எலக்ட்ரீஷியன்

மாஸ்க் என்றதும் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று. பழைய மோட்டாரிலோ பழைய பிரேக்கரின் ஆர்க் ஷூட்டிலோ (ஆர்க்கை அணைக்கும் பெட்டி) சாம்பல் நிறக் கெட்டிப் பலகை இருந்தால் அதை டிரில் செய்யாதீர்கள், ராவாதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஆர்க் தாங்குவதற்குக் கல்நார்ப் பலகைதான் போட்டார்கள். பீனாலிக்கோடு கல்நார் சேர்த்த ஷீட்டுகளும் இருந்தன. சந்தேகம் இருந்தால் சோதனை முடியும் வரை கை வைக்க வேண்டாம்.

காற்று அடிப்பது பிரஷ் போர்டுக்கும் ஆகாது. தூள் போர்டை விட்டுக் கிளம்பி நேராக வைண்டிங்குக்குள் போகும். வேக்குவம் வைத்து உறிஞ்சிவிட்டு, பஞ்சு நூல் வராத துணியால் துடைப்பதுதான் வழி.

கிரேன்_மெயின்டனன்ஸ்

எல்லோருக்கும் மிக்க நன்றி. கிரிட் அளந்தோம். ஒரு பேஸில் இணைப்புப் பட்டை விரிசல் விட்டு, தொட்டால் ஆடுகிறது. பிரேக் லைனிங்கும் மாற்றச் சொல்லியாயிற்று. போர்டுக்கு ஜிபிஓ-3, இப்போது இருப்பதைவிடத் தடிமன் கூட்டி, பின்னால் சட்டத்தோடு செய்யப்போகிறோம், நடுவே தடுப்புகளும் வரும்.

ஒரே ஒரு சந்தேகம். ரிங்குகளை ஷாஃப்ட்டிலிருந்து பிரிக்கும், ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் இன்சுலேஷன் புஷ்ஷும் அதே பழுப்பு நிறம்தான். அதுவும் கரிந்திருக்குமா? மெக்கர் வைத்தால் எல்லாம் சேர்ந்தே காட்டுகிறது.

பழைய_மெக்கர்

ரோட்டர் வைண்டிங் மூன்றும் உள்ளே ஸ்டாரில், அதாவது ஒரே புள்ளியில், சேர்ந்திருப்பதால் ரிங்குக்கும் ரிங்குக்கும் மெக்கர் வைத்துப் பயனில்லை, எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். மூன்று பிரஷ்ஷையும் ரிங்கிலிருந்து தூக்குங்கள், ரெசிஸ்டன்ஸுக்குப் போகும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இப்போது ஹோல்டருக்கும் ஹோல்டருக்கும், ஹோல்டருக்கும் பாடிக்கும் அளந்தால் போர்டு மட்டும் தெரியும். ரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் அளந்தால் புஷ்ஷும் வைண்டிங்கும் சேர்ந்து தெரியும். அது குறைவாக வந்தால் வைண்டிங்கிலிருந்து ரிங்குக்கு வரும் லீடுகள் மூன்றையும் கழற்றிவிட்டு மறுபடி ரிங்குக்கும் ரிங்குக்கும் அளங்கள், அப்போது புஷ் தனியாகப் பேசும். ரிங்குகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் டார்ச் அடித்து ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பளபளக்கும் கறுப்புக் கோடு இருந்தால் புஷ்ஷையும் மாற்ற வேண்டியதுதான். வெறும் தூள் என்றால் துணியில் வந்துவிடும்.

அளவுகளை எழுதிப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.